அழித்த குக்கி திரும்பி வந்த கதை: ஈடேக் நிகழ்வு ஆய்வு, 2009–2011

பிரவுசரில் ஹிஸ்டரியையும் குக்கியையும் அழித்துவிட்டால் எந்த வலைத்தளத்துக்கும் நாம் மறுபடி புது ஆள் என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். 2011 ஜூலையில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கை, ஒரே ஒரு கோப்பை வைத்து அந்த நினைப்பைப் பொய்யாக்கியது. ஹூலு என்ற அமெரிக்க வீடியோ தளத்தில் குக்கிகள் அத்தனையையும் அழித்துவிட்டு மறுபடி பக்கத்தைத் திறந்தால், அழித்த அதே அடையாள எண் புதிதாக எழுதப்பட்ட குக்கியில் வந்து உட்கார்ந்திருந்தது. எண் பதுங்கியிருந்த இடம், தளத்தின் கோப்புகளைப் பிரவுசர் வட்டில் வைத்துக்கொள்ளும் கேச்.

இந்தக் கதை தொடங்கிய ஃபிளாஷ் என்ற செருகுநிரல் இன்று இல்லை. அந்தக் காலத்துப் பிரவுசர் பதிப்புகளும் இல்லை. ஆனால் 'டெலீட் பிரவுசிங் டேட்டா' பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு எதை டிக் செய்வது, எதை விடுவது என்று யோசிக்கும் இடம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு சேமிப்பிடத்தை விட்டுவைத்தால் மற்றவை அதிலிருந்து எப்படி முளைக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்த நிகழ்வைப் போல் வசதியானது வேறு கிடைப்பது கடினம்.

ஃபிளாஷில் தொடங்கியது

1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொன்டுல்லி உருவாக்கிய குக்கி, ஒரு தளம் நம் பிரவுசரில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்பு. அதன் அளவு சுமார் 4 கிலோபைட்டுக்குள் அடங்கும். லாகினை நினைவில் வைக்கவும் கூடையில் போட்ட பொருளைக் காப்பாற்றவும் வந்த இந்த வசதியை, ஆட்களை எண்ணுவதற்கு விளம்பரத் தொழில் எடுத்துக்கொண்டது. குக்கியை அவ்வப்போது அழிக்கும் பழக்கம் மக்களிடையே பரவியதும் எண்ணிக்கை குழம்பியது. ஒருவர் மாதத்தில் மூன்று முறை அழித்தால் கணக்கேட்டில் அவர் நான்கு பேர்.

அவர்களுக்குக் கைகொடுத்தது ஃபிளாஷ் பிளேயர். வீடியோவுக்கும் விளையாட்டுக்கும் அப்போது ஏறக்குறைய எல்லாக் கணினிகளிலும் இருந்த இந்தச் செருகுநிரலுக்கு 'லோக்கல் ஷேர்டு ஆப்ஜெக்ட்' என்ற பெயரில் சொந்தச் சேமிப்பிடம் இருந்தது. ஒரு தளம் நம்மிடம் கேட்காமலே 100 கிலோபைட் வரை அதில் எழுதலாம். தானாகக் காலாவதி ஆகாது. முக்கியமாக, அந்தக் கோப்புகள் பிரவுசரின் ஃபோல்டரில் இல்லை. விண்டோஸ் பயனர் கணக்குக்குள் மேக்ரோமீடியா என்ற தனி ஃபோல்டரில் கிடந்தன. அதனால் பயர்பாக்ஸில் எழுதியதை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் படிக்க முடிந்தது. பிரவுசரின் அழிக்கும் பட்டனுக்கோ அப்படி ஒரு ஃபோல்டர் இருப்பதே தெரியாது. அழிக்க வேண்டும் என்றால் ஃபிளாஷை நடத்திய அடோபி நிறுவனத்தின் வலைப்பக்கத்துக்குப் போய், அங்கே ஃபிளாஷுக்குள்ளேயே ஓடும் ஒரு சின்னப் பலகத்தில் அழிக்க வேண்டும். எத்தனை பேர் அங்கே போயிருப்பார்கள்?

2009 ஆகஸ்ட்டில் பெர்க்லி குழுவின் முதல் அறிக்கை வந்தது. அதிகம் பார்க்கப்படும் 100 தளங்களை எடுத்துச் சோதித்ததில் 98 தளங்கள் சாதாரணக் குக்கியும் 54 தளங்கள் ஃபிளாஷ் குக்கியும் வைத்தன. தங்கள் தனியுரிமைக் கொள்கையில் ஃபிளாஷைக் குறிப்பிட்டிருந்தவை நான்கே நான்கு. சாதாரணக் குக்கியை அழித்ததும் ஃபிளாஷ் சேமிப்பிலிருந்த எண்ணை எடுத்துப் பழைய குக்கியை அப்படியே திரும்ப எழுதும் வேலையையும் அந்தக் குழு பதிவு செய்தது. அடுத்த ஆண்டு குவான்ட்காஸ்ட், கிளியர்ஸ்பிரிங் ஆகிய நிறுவனங்கள் மீது வழக்கு வந்து, 24 லட்சம் டாலர் உடன்பாட்டில் முடிந்தது.

அதே 2010-ன் செப்டம்பரில் சாமி கம்கர் என்ற நிரலர் 'எவர்குக்கி' என்ற நிரலை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார். ஒரே எண்ணைச் சாதாரணக் குக்கி, ஃபிளாஷ், சில்வர்லைட் என்ற இன்னொரு செருகுநிரல், பிரவுசரே தளங்களுக்குத் தரும் லோக்கல் ஸ்டோரேஜ், கேச்சில் கிடக்கும் ஒரு படத்தின் நிறப் புள்ளிகள், கேச் கோப்போடு ஒட்டிவரும் ஈடேக் என்ற அடையாளச் சரம் என்று பல இடங்களில் அது எழுதிவைக்கும். ஓரிடத்தில் மிஞ்சினாலும் போதும், மற்ற எல்லா இடங்களுக்கும் அங்கிருந்து நகல் போய்விடும். இப்படிச் செய்ய முடியும் என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆனால் ஈடேக் வழியை வணிகத்தில் ஏற்கெனவே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள் என்று பத்து மாதங்களில் தெரியவந்தது.

ஒரு கோப்பின் போக்குவரத்து

கேச் என்பது வேகத்துக்காக வந்தது. தளத்தின் லோகோ, எழுத்துரு, ஸ்கிரிப்ட் போன்றவற்றை ஒவ்வொரு முறையும் இறக்காமல் பிரவுசர் வட்டில் வைத்துக்கொள்கிறது. வைத்திருப்பது பழசாகிவிட்டதா என்று தெரிய வேண்டுமே, அதற்குத்தான் ஈடேக். கோப்பை அனுப்பும்போது சர்வர் அதோடு ஒரு அடையாளச் சரத்தையும் ஒட்டி அனுப்பும். அடுத்த முறை பிரவுசர் கோப்பைக் கேட்கும்போது 'இஃப்-நன்-மேட்ச்' என்ற தலைப்பு வரியில் அந்தச் சரத்தைத் திருப்பிச் சொல்லும். கோப்பு மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று மட்டும் பதில் தரும். கோப்பு மறுபடி வராது. மாறியிருந்தால் 200 என்ற பதிலோடு புதுக் கோப்பும் புதுச் சரமும் வரும்.

முறையாக நடந்தால் ஒரே பதிப்பை இறக்கிய எல்லோரிடமும் ஒரே சரம்தான் இருக்கும். கிஸ்மெட்ரிக்ஸ் என்ற கணிப்பு நிறுவனத்தின் 'ஐ.ஜேஎஸ்' கோப்பில் அது ஆளுக்கு ஆள் மாறியது. இதுதான் தந்திரம் முழுதும். நடந்ததைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் வருகை. ஹூலு பக்கத்தில் கிஸ்மெட்ரிக்ஸ் சர்வரிலிருந்து ஐ.ஜேஎஸ்ஸைக் கொண்டுவரும் வரி ஒன்று இருக்கிறது. பிரவுசர் வெறுங்கையோடு கேட்கிறது. சர்வர் ஒரு புது எண்ணை உருவாக்கி, அதை ஈடேக்காக ஒட்டி, கோப்புக்குள்ளும் ஒரு மாறியாக எழுதி, 200 பதிலோடு அனுப்புகிறது. பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் அந்த எண்ணை எடுத்துக் குக்கியிலும் லோக்கல் ஸ்டோரேஜிலும் வைக்கிறது.

அடுத்து, பயனர் ஹிஸ்டரியையும் குக்கியையும் அழிக்கிறார். 'படங்கள்தானே, கிடக்கட்டும்' என்று கேச்சை விடுகிறார்.

இரண்டாம் வருகை. இம்முறை சர்வருக்குக் குக்கி எதுவும் அனுப்பப்படவில்லை. ஆனால் ஐ.ஜேஎஸ் கேச்சில் இருக்கிறது. பிரவுசர் நல்ல பிள்ளையாக இஃப்-நன்-மேட்ச் வரியில் பழைய எண்ணைச் சொல்லிக் கேட்கிறது. ஆள் யார் என்று சர்வருக்கு அந்த நொடியே தெரிந்துவிடுகிறது. பதில் 304. கேச்சில் இருக்கும் பழைய கோப்பே மறுபடி ஓட, அதற்குள் எழுதியிருக்கும் எண் குக்கிக்குத் திரும்புகிறது.

இதில் எங்கும் விதிமீறல் இல்லை என்பதுதான் வேடிக்கை. பிரவுசரும் சர்வரும் வலையின் பரிமாற்ற விதிமுறையான ஹெச்டிடிபி சொல்லும்படியே நடந்தன. குக்கியை முழுவதுமாகத் தடுத்து வைத்திருந்தாலும் சர்வருக்கு எண் போய்ச் சேரும், ஏனென்றால் அது குக்கி வரியில் போகவே இல்லை. பிரைவேட் விண்டோவில் ஜன்னலை மூடும்வரை இதே கூத்து நடக்கும். மூடிய பிறகுதான் அதன் கேச் போகும். இன்னொரு விஷயம்: கோப்பு வருவது ஹூலுவிலிருந்து அல்ல, கிஸ்மெட்ரிக்ஸ் சர்வரிலிருந்து. அன்றைய பெரும்பாலான பிரவுசர்களில் எல்லாத் தளங்களுக்கும் பொதுவாக ஒரே கேச். எனவே அதே கோப்பை அழைக்கும் வேறு தளத்துக்குப் போனாலும் அதே எண் வெளியே வரும்.

செய்தி வெளியானதும் ஹூலு அந்தச் சேவையை நிறுத்தியது, கிஸ்மெட்ரிக்ஸும் முறையை மாற்றிக்கொண்டது. அதே 2011 நவம்பரில் அமெரிக்க வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி, ஸ்கேன்ஸ்கவுட் என்ற வீடியோ விளம்பர நிறுவனத்தோடு உடன்பாடு செய்தது. பிரவுசர் செட்டிங்ஸை மாற்றினால் குக்கி வராது என்று அந்த நிறுவனம் எழுதிவைத்திருந்தது. பயன்படுத்தியதோ பிரவுசர் செட்டிங்ஸுக்குக் கட்டுப்படாத ஃபிளாஷ் குக்கி.

பிரவுசர்கள் எதை அடைத்தன, எதை விட்டன

ஃபிளாஷ் பிரச்சினை முதலில் தீர்ந்தது. பிரவுசரே ஃபிளாஷிடம் 'உன் சேமிப்பையும் காலி செய்' என்று சொல்லும் வழியை அடோபி, மோசில்லா, கூகுள் சேர்ந்து அமைத்தன. 2011 மே மாதம் வந்த ஃபிளாஷ் 10.3 அதை ஏற்றது. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷே முடிந்தது.

கேச் பிரச்சினைக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. சஃபாரி 2013 முதலே கேச்சைத் தளவாரியாகப் பிரித்து வைத்தது. குரோம் 2020 அக்டோபரில் 86-ம் பதிப்பிலும் பயர்பாக்ஸ் 2021 ஜனவரியில் 85-ம் பதிப்பிலும் அதைச் செய்தன. இப்போது ஒரு தளத்தில் கேச் ஆன கோப்பு, முகவரி ஒன்றாகவே இருந்தாலும், வேறு தளத்தில் புதிதாகத்தான் இறங்கும். ஒரே எழுத்துருக் கோப்பு பத்துத் தளங்களுக்காகப் பத்து முறை வட்டில் கிடக்கும். அந்தச் செலவைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

இதனால் தளம் விட்டுத் தளம் பின்தொடர்வது அடைபட்டது. ஒரே தளம் தன் கேச்சை வைத்துத் தன் குக்கியை முளைக்கவைப்பது அடைபடவில்லை. ஈடேக் இன்னும் ஈடேக்தான். அந்த ஒரு காரணத்துக்காகவே குக்கியை அழிக்கும்போது கேச்சையும் சேர்த்து அழிக்க வேண்டியிருக்கிறது.

கேச்சின் பெயரில் வராத மூலைகளும் இருந்தன. பாதுகாப்பான இணைப்பையே பயன்படுத்து என்று தளம் சொல்வதைப் பிரவுசர் நினைவில் வைக்கும் ஹெச்எஸ்டிஎஸ் பட்டியலில் எண்ணை ஒளிக்கலாம் என்று தெரிந்து, 2018-ல் சஃபாரியின் உள் இயந்திரமான வெப்கிட்டின் குழு அதற்குக் கட்டுப்பாடு போட்டது. தாவலில் தெரியும் சின்னச் சின்னமான ஃபேவிகானுக்கென்று உள்ள தனிக் கேச்சை வைத்து அடையாளம் காணலாம், பிரவுசிங் டேட்டாவை அழித்தாலும் அது போவதில்லை என்று இல்லினாய் பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகத்து ஆய்வாளர்கள் 2021-ல் காட்டினார்கள். பிரவுசர் எதை நினைவில் வைத்தாலும், அதை ஒரு தளம் வெளியிலிருந்து தொட்டுப் பார்க்க முடிந்தால், அது குக்கிதான்.

பிரவுசர் தயாரிப்பவரின் சொந்தத் தளமே விதிவிலக்கு ஆவதும் நடந்தது. 2018 செப்டம்பரில் வந்த குரோம் 69-ல் எல்லாக் குக்கியையும் அழித்தாலும் கூகுள் லாகின் குக்கி மட்டும் நின்றது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த பதிப்பில் மாற்றுவதாக அறிவித்தார்கள். 2020 அக்டோபரில் 'குரோமை மூடும்போது குக்கியையும் சைட் டேட்டாவையும் அழி' என்று வைத்திருந்தும் யூடியூப், கூகுள் தளங்களின் லோக்கல் சேமிப்பு போகாமல் நிற்பதை ஒரு நிரலர் எடுத்துக் காட்டினார். அது பிழை, சரிசெய்கிறோம் என்றது கூகுள். பிழையாகவே இருக்கட்டும்; அழித்துவிட்டோம் என்று நம்புவதைவிட அழிந்ததா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது மேல்.

இன்று முழுமையாக அழிக்கும் முறை

முதல் வேலை, அழிக்க நினைக்கும் தளத்தின் தாவல்கள் எல்லாவற்றையும் மூடுவது. பலர் தவறவிடுவது இதைத்தான். பக்கம் திறந்திருந்தால் அதன் ஸ்கிரிப்ட் கணினியின் நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் குக்கியை அழித்த அடுத்த நொடி அது தன் கையில் இருக்கும் எண்ணைத் திரும்ப எழுதிவிடும். வேறொரு ஜன்னலில் பின்னால் மறைந்து கிடக்கும் தாவலும் இதில் சேர்த்தி. எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒரு வெற்றுத் தாவலில் இருந்து அழிக்கத் தொடங்குங்கள்.

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் மூன்றிலும் அழிக்கும் பெட்டி திறக்கும். மேக்கில் குரோமுக்கும் பயர்பாக்ஸுக்கும் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

பெட்டி திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கால அளவு. குரோம் பெரும்பாலும் ஒரு மணி நேரம் போன்ற குறுகிய அளவைக் காட்டி நிற்கும். குக்கியைப் பொறுத்தவரை குரோம் பார்ப்பது அது எழுதப்பட்ட நேரத்தை, கடைசியாகப் பயன்பட்ட நேரத்தை அல்ல. போன மாதம் எழுதப்பட்ட குக்கி இன்று காலை நூறு முறை போய்வந்திருந்தாலும் 'லாஸ்ட் ஹவர்' அதைத் தொடாது. அடையாளத்தை அறுப்பதுதான் நோக்கம் என்றால் 'ஆல் டைம்' தவிர வேறு எதுவும் உதவாது. பயர்பாக்ஸில் இதன் பெயர் 'எவ்ரிதிங்'.

அடுத்து டிக் பெட்டிகள். 'பிரவுசிங் ஹிஸ்டரி' என்பது நீங்கள் பார்த்த முகவரிகளின் பட்டியல் மட்டுமே. குரோமில் அது 90 நாள் வரை தெரியும். வீட்டில் வேறு யாரும் பார்த்துவிடக் கூடாது என்றால் இதை அழிப்பது சரி. தளங்கள் உங்களை அடையாளம் காண்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. 'குக்கீஸ் அண்ட் அதர் சைட் டேட்டா' என்பதில் அந்த 'அதர்' என்ற சொல்லுக்குள்தான் பெரிய சரக்கு இருக்கிறது: லோக்கல் ஸ்டோரேஜ், இண்டெக்ஸ்டு டிபி என்ற தரவுக் கிடங்கு, தளத்துக்காகப் பின்னணியில் ஓடும் நிரலான சர்வீஸ் வொர்க்கர், அது வைத்திருக்கும் கேச் ஸ்டோரேஜ். 'கேச்டு இமேஜஸ் அண்ட் ஃபைல்ஸ்' என்பது ஹெச்டிடிபி கேச். ஈடேக் குடியிருக்கும் இடம்.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. ஒரு தளத்தின் பழைய பக்கமே திரும்பத் திரும்ப வருகிறது என்று கேச்சை மட்டும் அழிக்கிறார்கள். அப்போதும் பழைய பக்கமே வருகிறது. சர்வீஸ் வொர்க்கர் பயன்படுத்தும் தளமாக இருந்தால் பழைய கோப்பு கேச் ஸ்டோரேஜிலிருந்து வருகிறது. பெயரில் கேச் இருந்தாலும் அது குக்கி டிக்கின் கீழ்தான் அழியும்.

அடையாளத்தை அறுக்க குக்கி, கேச் இரண்டையும் ஒரே தடவையில் டிக் செய்து அழிக்க வேண்டும். இன்று குக்கி, நாளை கேச் என்று தனித்தனியாகச் செய்தால் இடையில் ஒருமுறை தளத்தைத் திறந்தாலே போதும், மிஞ்சியதிலிருந்து அழிந்தது முளைத்துவிடும்.

'பாஸ்வேர்ட்ஸ்' டிக்கைத் தொடாதீர்கள். சேமித்த கடவுச்சொற்களுக்கும் தளங்கள் பின்தொடர்வதற்கும் தொடர்பில்லை, போனால் திரும்பாது. கருவிகளை ஒத்திசைக்கும் சிங்க் இருந்தால் மற்றக் கருவிகளிலிருந்தும் சேர்ந்து போகும். 'சைட் செட்டிங்ஸ்' அழித்தால் கேமரா, நோட்டிஃபிகேஷன் அனுமதிகள் எல்லாம் மறுபடி கேட்கத் தொடங்கும்.

அழிப்பதற்கு முன் இழப்பையும் எண்ணிப் பாருங்கள். எல்லாத் தளங்களிலும் லாகின் போகும். வாட்ஸ்அப் வெப்பைக் கைபேசியால் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். 'இந்தக் கணினியை நினைவில் வை' என்று டிக் செய்திருந்த வங்கியும் மின்னஞ்சலும் மறுபடி ஓடிபி கேட்கும். இணையம் இல்லாதபோது எழுதி இன்னும் சர்வருக்குப் போகாத வரைவு ஏதாவது பிரவுசருக்குள் இருந்தால் அது போனது போனதுதான்.

குரோமில் கூகுள் கணக்கோடு உள்ளே இருப்பவர்களுக்கு இன்னொன்று. குக்கியை அழித்தாலும் கூகுள் கணக்கிலிருந்து வெளியே வர மாட்டீர்கள். அதற்குக் குரோமிலிருந்தே சைன் அவுட் செய்ய வேண்டும். ஹிஸ்டரி சிங்க் ஆன் செய்திருந்தால் ஒரு கருவியில் அழித்தது மற்றக் கருவிகளிலும் அழியும். ஆனால் கூகுள் தன் சர்வரில் 'மை ஆக்டிவிட்டி' என்று வைத்திருக்கும் தேடல் பதிவு இதனால் அசையாது. அதைத் தனியாக அழிக்க வேண்டும்; 3, 18, 36 மாதம் என்று தானாக அழியும்படியும் வைக்கலாம்.

'கன்டினியூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்' என்ற தொடக்க அமைப்பு வைத்திருந்தால், பிரவுசரை மூடினால் போய்விடும் என்று நாம் நினைக்கும் செஷன் குக்கிகளையும் குரோம் காப்பாற்றிவைக்கும். பிரவுசரை மூடித் திறந்தும் லாகின் அப்படியே இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

ஆண்ட்ராய்டில் குரோமின் மூன்று புள்ளி மெனுவில் 'டெலீட் பிரவுசிங் டேட்டா' இருக்கிறது. கால அளவும் டிக் பெட்டிகளும் அங்கும் உண்டு. கைபேசி செட்டிங்ஸில் ஆப்ஸ், குரோம், ஸ்டோரேஜ் என்று போய் 'கிளியர் கேச்' அழுத்தினால் போகும் குக்கிகள் எதுவும் இல்லை. பக்கத்தில் இருக்கும் எல்லாத் தரவையும் அழிக்கும் தேர்வோ சிங்க் ஆகாத புக்மார்க் வரை துடைத்துவிடும். இரண்டும் இந்த வேலைக்குப் பொருந்தாது. ஐபோனில் செட்டிங்ஸுக்குள் சஃபாரி பகுதியில் 'கிளியர் ஹிஸ்டரி அண்ட் வெப்சைட் டேட்டா' ஒரே தட்டில் மூன்றையும் எடுக்கும். தனித்தனி டிக் இல்லாததைக் குறை சொல்பவர்கள் உண்டு. ஹூலு நிகழ்வைப் பார்த்தபின் அதுவே சரியான வடிவமைப்பு என்று தோன்றுகிறது.

ஒரு தளம் மட்டும்தான் தொல்லை என்றால் உலகத்தையே அழிக்க வேண்டாம். குரோமில் முகவரிக்கு இடப்பக்கம் உள்ள சின்னத்தைத் தட்டி, 'சைட் செட்டிங்ஸ்' போய், 'டெலீட் டேட்டா' அழுத்தினால் அந்தத் தளத்தின் குக்கியும் சேமிப்பும் போகும். பயர்பாக்ஸில் ஹிஸ்டரி பட்டியலில் தளத்தின் மேல் வலது கிளிக் செய்து 'ஃபர்கெட் அபவுட் திஸ் சைட்' தேர்ந்தெடுக்கலாம். பக்கம் பழசாக வருவது மட்டுமே பிரச்சினை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் பெரும்பாலும் போதும்.

பொதுக் கணினியில், பிரவுசிங் சென்டரிலோ நூலகத்திலோ, வேலை முடிந்தபின் அழிப்பதைவிட 'கெஸ்ட்' ஜன்னலில் தொடங்குவது நல்லது. மூடியதும் எல்லாம் போகும். டவுன்லோட் ஹிஸ்டரியை அழித்தால் பட்டியல்தான் போகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இறக்கிய ஆதார் பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். அதைக் கையால் அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும்.

எந்த பட்டனுக்கும் எட்டாத பக்கம்

கணினியில் எதையும் எழுதாமலே அடையாளம் காணும் முறை ஒன்று உண்டு. திரை அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம், பிரவுசர் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் கிடைக்கும் கைரேகை போன்ற ஒன்று அது. 2010-ல் ஈஎஃப்எஃப் என்ற இணைய உரிமை அமைப்பு சுமார் 4,70,000 பிரவுசர்களைச் சோதித்தபோது 83.6 விழுக்காடு தனித்து நின்றன. ஃபிளாஷ் அல்லது ஜாவா இருந்தவற்றில் 94.2 விழுக்காடு. அழிக்க எதுவும் இல்லாததால் அழிக்கும் பட்டனுக்கு இங்கே வேலை இல்லை. அலுவலகத்தின் பதிவேடும் இணைய சேவை நிறுவனத்தின் பதிவேடும் அதே போலத்தான். அழித்த கையோடு பழைய கணக்கில் லாகின் செய்தால், சொல்லவே வேண்டாம், நாமே பெயரைச் சொல்லிவிட்டோம்.

முளைக்கிறதா என்று சோதிப்பது

ஒரு தளம் ஹூலு வழியில் நடக்கிறதா என்று பார்ப்பது கடினமில்லை. குரோமில் லாகின் செய்யாமல் தளத்தைத் திறந்து, எஃப்12 அழுத்தி, 'அப்ளிகேஷன்' பகுதியில் குக்கிகளைப் பாருங்கள். நீளமான, அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் கலந்த மதிப்புகள்தான் அடையாள எண்கள். இரண்டு மூன்றைத் தனியாக ஒரு நோட்பேடில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். தாவலை மூடி, வெற்றுத் தாவலிலிருந்து 'ஆல் டைம்' வைத்து, குக்கி டிக்கை மட்டும் போட்டு அழியுங்கள். தளத்தை மறுபடி திறந்து மதிப்புகளை ஒப்பிடுங்கள்.

வேறு எண் வந்தால் முளைக்கவில்லை. அதே எண் வந்தால் 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துப் பக்கத்தை மறுபடி ஏற்றி, 304 பதில் வந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தட்டி, 'ரிக்வெஸ்ட் ஹெடர்ஸ்' பகுதியில் இஃப்-நன்-மேட்ச் மதிப்பைப் பாருங்கள். ஒரு மதிப்பு மட்டும் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம், எல்லா ஈடேக்கும் பார்வைக்குப் புதிராகவே இருக்கும். அதே முகவரியை வேறொரு கணினியில் திறந்து அங்கே வரும் ஈடேக்கோடு ஒப்பிடுங்கள். கோப்பு ஒன்று, ஈடேக் இரண்டு என்றால் சந்தேகம் வலுக்கும். ஆனால் பல சர்வர்கள் சேர்ந்து இயங்கும் தளத்தில் சர்வருக்குச் சர்வர் ஈடேக் மாறுவதும் உண்டு என்பதால், இரண்டு கணினிகளிலும் கேச்சை அழித்துச் சிலமுறை திரும்பத் திரும்ப எடுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று சரங்களே மாறி மாறி வந்தால் அது சர்வர் வேறுபாடு. ஒவ்வொரு முறையும் இதுவரை வராத புதுச் சரம் வந்து, அதே சரம் குக்கிக்குள்ளும் இருந்தால், கண்டுபிடித்துவிட்டீர்கள்.